ஒரு முழு நாடு

பகேரியா என்ற இத்தாலிய ஊரிலிருந்து வரும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு தமிழ்ப் பெண்கள். லண்டனிலிருந்து வந்திருந்த அக்கா, தான் போன பதினான்கு நாடுகளை விரல் மடக்கிச் சொல்லி முடித்துவிட்டு, இங்கே வீட்டு வேலை செய்யும் தங்கையிடம் கேட்டார்:

"நீ இருபது வருசமா இஞ்சை இருக்கிறாய். நீ வேலை செய்யிற சின்யோராவின்ரை வீட்டைத் தவிர என்னத்தைக் கண்டனீ?"

"ஏன், மொனாக்கோவுக்குப் போனன்."

"அதெல்லாம் ஒரு நாடே? எங்கடை நெடுந்தீவுக்குள்ளை அதைப்போல இருபது வைக்கலாம்."

"ஓம் அக்கா, சின்னன்தான். காலமை ஒரு தொங்கலிலை நடக்கத் துவங்கி, மத்தியானம் மற்றத் தொங்கலாலை வெளிக்கிட்டன். அங்கை ஒராளிட்டை, இது எந்த இடம் எண்டு கேட்டன். பிரான்ஸ் எண்டான்."

"பிறகு?"

"பிறகென்ன, திரும்பி வந்தன்."

"இதையும் ஒரு பயணமெண்டு கதைக்கிறாய்."

"கதைப்பன். நீங்கள் போன பதினாலு நாட்டிலை ஒண்டையாவது முழுசாப் பார்த்தனீங்களோ? லண்டனை விடுவம், அது நீங்கள் இருக்கிற இடம்."

அக்கா மறுபடி விரல் மடக்கத் தொடங்கி, முதல் விரலிலேயே நின்றார். பிறகு மெல்லக் கேட்டார்:

"அங்கை இஞ்சையிருந்து என்னண்டு போறது?"

"கூட்டிக்கொண்டு போறன். ஆனால் நடக்கோணும், அக்கா. உந்தக் குதி உயர்ந்த செருப்பு சரிவராது."