மிலோங்காவில் சொரி

மார்ச் 9, ஞாயிறு, காலை 10.20, தூறல். எல்லயிலிருந்து பதுளை போகும் பஸ். முன் சீட்டில் ஹோட்டலில் பரிமாறும் பெண்கள் இருவர், நடன வகுப்புக்குப் போகிறவர்கள்.

"டாங்கோல கால மிதிச்சா நின்னு சொரி சொல்லலாம்க்கா. இந்த மிலோங்கா ஆட்டம் அதவிட வேகம். சொல்லி முடிக்கிறதுக்குள்ள மூணு அடி போயிருது."

"ஒன்ன யாரு சொல்லச் சொன்னா? கூட ஆடுறவன் என்ன, நம்ம ஹோட்டல் கெஸ்ட்டா?"

"வாய்ல வந்துருதே. இன்னைக்கோட வகுப்ப விட்டுர்றேன்."

"நானுந்தான் மிதிச்சேன். சிரிச்சிட்டே ஆடினேன். அப்பறந்தான் புடிச்சுச்சு."

ஹாலிஎல வந்தது. நான் இறங்க வேண்டிய இடம். சின்னவள் வகுப்பை விடுவாளா என்று தெரியாமல் நான் எழவில்லை.

பதுளையில் இறங்கும்போது அவள் என் காலை மிதித்தாள். வாயைத் திறந்தவள் சிரித்துவிட்டாள்.

"சரிக்கா, அடுத்த ஞாயிறும் வர்றேன்."

மேலதிக டிக்கெட்டும் ஹாலிஎலவுக்குத் திரும்பி வந்த பஸ்ஸும் சேர்த்து எண்பது ரூபாய்.