குச்சி நட்ட பாத்தி

கலையரசன்: வீட்டுக்குப் போகலம்மா. நேரா இங்க வந்துட்டேன்.

அம்சவல்லி: அதுக்குன்னு பையைக் கொண்டாந்து வரப்புலயா வைப்ப? ஈரம்டா. அந்தக் கல்லு மேல வை.

கலையரசன்: ம்.

அம்சவல்லி: ஷூவைக் கழட்டு. உப்புத்தண்ணி தின்னுடும்.

கலையரசன்: தின்னட்டும்.

அம்சவல்லி: ...எங்க எறங்கின?

கலையரசன்: பெங்களூர்லருந்து பாண்டி. பாண்டியில மரக்காணம் பஸ். உப்பளத்துக்கிட்ட நிறுத்தச் சொல்லி எறங்கிட்டேன்.

அம்சவல்லி: பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிருந்தீன்னா உன்னையே பார்த்திருப்ப.

கலையரசன்: என்னையா?

அம்சவல்லி: ஃப்ளெக்ஸ். பேனர் கடை திருமுருகன் வச்சிருக்கான். ஆள் ஒசரத்துக்கு நிக்கிற. கூலிங் கிளாஸ் வேற. பின்னால ஒரு ப்ளேன் பறக்குது. ஓட்டுறவன் இங்க நிக்கிறான், அப்ப அதை யாரு ஓட்டுறாங்கன்னு கேட்டேன். உங்கப்பாவுக்குக் கோவம் வந்துடுச்சு.

கலையரசன்: யாரும்மா அதுக்குள்ள வைக்கச் சொன்னது?

அம்சவல்லி: அவருதான். ஏர்ஃபோர்ஸ் பைலட்டுக்கு எல்லாம் பாஸு, ஒடம்பு டெஸ்ட்டு ஒண்ணுதான் பாக்கின்னு நீதான போன்ல சொன்ன. உப்பளத்துப் புள்ளைக்கு ஒடம்புல இன்னா கொறைன்னு குதிச்சிக்கினு கெளம்பிட்டாரு. இன்னா சொன்னாங்க?

கலையரசன்: சொல்லி அனுப்புவாங்க.

அம்சவல்லி: சரி.

கலையரசன்: கொஞ்ச நாளாகும்.

அம்சவல்லி: சரிடா. நான் இன்னா கேட்டேன் இப்ப? சாப்ட்டியா? தூக்குல கஞ்சி இருக்குது. நேத்து மீன்கொழம்பு.

கலையரசன்: வேணாம். அந்தப் பலகையைக் குடு, நான் உப்பு வார்றேன்.

அம்சவல்லி: இந்தப் பேன்ட்டோடவா? இன்டர்வியூக்கு எடுத்தது...

கலையரசன்: இனிமே எதுக்கு அது?

அம்சவல்லி: இன்னா சொன்ன?

கலையரசன்: இல்ல... அழுக்கானா தொவச்சுக்கலாம்னு சொன்னேன்.

அம்சவல்லி: ம். மெதுவா வாரு. அடி மண்ணு கலந்துடப் போவுது... இரு, போன் அடிக்குது. உங்கப்பாதான்.

கலையரசன்: நான் இங்க இல்லன்னு சொல்லும்மா.

அம்சவல்லி: ...ஏங்க. ஆமா, பாத்தியிலதான் இருக்கேன்... இல்லியே, இன்னும் வரலியே... போனை ஆஃப் பண்ணி வச்சிருப்பான், சார்ஜ் இருந்திருக்காது... பஸ்ஸு லேட்டா இருக்கும்ங்க... கேசரியை இப்பவே கிண்டச் சொல்லாதீங்க, ஆறிப்போயிடும்... சரி, வைங்க.

கலையரசன்: எவ்ளோ ஈஸியா பொய் சொல்ற.

அம்சவல்லி: பழக்கம்தான்.

கலையரசன்: அவரு எங்க இருக்காரு?

அம்சவல்லி: பஸ் ஸ்டாண்டுலதான். உன் படத்துக்கு அடியில நின்னுக்கினு வர்றவன் போறவனை எல்லாம் கூப்புட்டுக் காட்டறாராம்.

கலையரசன்: அம்மா...

அம்சவல்லி: வாருடா. பேசிக்கினே வாரு.

கலையரசன்: மெடிக்கல்ல தூக்கிட்டாங்கம்மா.

அம்சவல்லி: கண்ணுலயா?

கலையரசன்: ...எப்படித் தெரியும்?

அம்சவல்லி: இல்ல... உப்பு வெயில்ல வளர்ந்த புள்ள. வேற இன்னா கெடப்போவுது.

கலையரசன்: பார்வை நல்லா இருக்குது. தூரத்துல எறும்பு போனாகூட தெரியும். கலர்தான்... செவப்பு, பச்சை ரெண்டும் எனக்குப் பிரிஞ்சு தெரியாதாம். காலேஜ் லேப்லயே கண்டுபுடிச்சிட்டேன். ஒயர் மாத்தி சொருகினேன், பசங்க சிரிச்சானுங்க. நானும் சேர்ந்து சிரிச்சுட்டேன்.

அம்சவல்லி: தெரிஞ்சுக்கினேவா போன?

கலையரசன்: ஒரு புக்கு வச்சிருப்பாங்க. புள்ளி புள்ளியா இருக்கும், நடுவுல நம்பர். அதோட பக்கமெல்லாம் போன்ல கெடைக்குது. ஒவ்வொரு பக்கமா ஓரத்துல புள்ளி எப்படி இருக்குதுன்னு பார்த்து மனப்பாடம் பண்ணேன். அதைத் தாண்டிட்டேன்மா. டாக்டர் தலையாட்டினாரு. அவ்ளோதான், பறந்துட்டேன்னு நெனச்சேன்.

அம்சவல்லி: அப்புறம்?

கலையரசன்: இருட்டு ரூமு. அந்தக் கோடியில ஊசி முனையாட்டம் வெளக்கு. என்ன கலர்னு கேட்டாரு. அதை எப்படி மனப்பாடம் பண்றது? வெள்ளைன்னேன்.

அம்சவல்லி: இன்னா கலராம்?

கலையரசன்: பச்சை. அடுத்ததையும் வெள்ளைன்னேன்... அதுக்கப்புறம் அவரு எழுதறது மட்டும் கேட்டுது. திட்டவே இல்லம்மா. தண்ணி குடிக்கிறியாப்பான்னு கேட்டாரு.

அம்சவல்லி: திரும்ப ஒரு தடவை...

கலையரசன்: கிடையாது.

அம்சவல்லி: ஆப்பரேஷன், கண்ணாடி...

கலையரசன்: ஒண்ணும் கிடையாதும்மா. பொறக்கும்போதே இப்படி. சாகற வரைக்கும் இப்படித்தான்.

அம்சவல்லி: அதே டிரஸ்ஸுல வேற வேலை எதுனா... கீழ உக்காந்து பார்க்கறது?

கலையரசன்: இருக்கலாம். எழுதிக் கேட்டா குடுப்பாங்க. அடுத்தவன் பறக்கறதை ஜன்னல் வழியா பார்த்துக்கினு... நான் அதுக்கா போனேன்?

அம்சவல்லி: சத்தம் கேக்குதா? கடல் பக்கமா வருது.

கலையரசன்: ம். ஹெலிகாப்டர். தாம்பரத்துலருந்து வரும்.

அம்சவல்லி: சின்னதுல கோணியைத் தூக்கிக்கினு இது பின்னாலயே வரப்பு வரப்பா ஓடுவ. நிமிர்ந்து பாரேன்டா. தாழப் போவுது.

கலையரசன்: வேணாம்.

அம்சவல்லி: ...

கலையரசன்: போயிடுச்சா?

அம்சவல்லி: போயிடுச்சு.

கலையரசன்: அப்பாகிட்ட எப்படிம்மா சொல்றது? அந்த ஃப்ளெக்ஸைத் தாண்டி எப்படிம்மா நடப்பேன்?

அம்சவல்லி: பொழுது சாயட்டும். நான் வர்றேன் கூட.

கலையரசன்: இங்கயே இருந்துடறேன். உப்பு வாரிக்கினு. வேற எதுக்கும் லாயக்கில்ல நான்.

அம்சவல்லி: உப்பு வார்றதுன்னா அவ்ளோ எளப்பமா போயிடுச்சா உனக்கு? போ, போயி அந்தப் பக்கத்துப் பாத்தி மடையைத் தொறந்து வுடு. தண்ணி செவந்துடுச்சு.

கலையரசன்: எந்தப் பாத்தி?

அம்சவல்லி: குச்சி நட்டிருக்கேன் பாரு. துணி கட்டி. போடா. வெயில் ஏறுது.

கலையரசன்: ரோட்டுலருந்து நடந்து வந்தேன்ல. செந்தமிழ் அண்ணன் பாத்தி, சுப்ராயன் மாமா பாத்தி, எல்லாத்தையும் பார்த்துக்கினே வந்தேன். ஒண்ணுலயும் குச்சி இல்ல.

அம்சவல்லி: அவங்க வழக்கம் வேற.

கலையரசன்: தண்ணி முத்திச் செவந்தா குச்சி நடுவாங்க, அதைப் பார்த்து உப்புப் பாத்திக்குத் தொறந்து வுடுவாங்க, உப்பளம்னா அப்படித்தான்னு இத்தனை வருஷம் நெனச்சிருந்தேன். ஸ்கூல்ல கட்டுரைகூட எழுதினேன். இது எந்த ஊர்லடான்னு வாத்தியார் சிரிச்சாரு.

அம்சவல்லி: அவருக்கு இன்னா தெரியும் உப்பைப் பத்தி.

கலையரசன்: நாலாவது படிக்கறப்ப இன்னும் செவக்காத, முத்தாத தண்ணியைத் தொறந்து வுட்டுட்டேன். அத்தனை உப்பும் பாழாப்போச்சு. அப்பா வெளுத்தாரு. அதுக்கப்புறம்தான் குச்சி வந்துது. இல்ல? அப்பவே தெரியும் உனக்கு.

அம்சவல்லி: எங்கப்பாவும் அப்படித்தான்டா. தண்ணியை நாக்குல வச்சுப் பார்த்துதான் தொறப்பாரு. உங்கப்பா உன்னை அடிக்கறப்ப எங்கப்பா ஞாபகம் வந்துது.

கலையரசன்: அப்பாவுக்குத் தெரியுமா?

அம்சவல்லி: எனக்குக் கண்ணு மங்கல், அடையாளத்துக்கு நடறேன்னு சொல்லி வச்சிருக்கேன். இன்னைக்கும் என்னைத்தான் குருடின்னு கூப்புடறாரு.

கலையரசன்: என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா.

அம்சவல்லி: எப்படா சொல்றது? நீ தரையையே பார்க்க மாட்ட. மேலயே பார்த்துக்கினு நடப்ப. வேற எதுக்காவது ஆசைப்படுவன்னு பார்த்தேன். படவே இல்ல... அழாதடா. மூஞ்சியைத் தொடைக்காத, கையில உப்பு.

கலையரசன்: நான் சென்னைக்குப் படிக்கப் போனப்புறம் இங்க நீயும் அப்பாவும்தான். உங்க ரெண்டு பேருக்கும் கலர் தெரியும். அப்ப இது... இன்னைக்கு நான் வர்றேன்னா நட்ட?

அம்சவல்லி: இன்னைக்கு நட்டது இல்ல.

கலையரசன்: பின்ன?

அம்சவல்லி: நீ போன மறுநாள்லருந்து, செவந்த பாத்தியில எல்லாம் நட்டுக்கினுதான் இருக்கேன்... என்னைக்கா இருந்தாலும் திருப்பி அனுப்பிடுவாங்கன்னு தெரியும். வந்து நிக்கறப்ப உனக்கு அடையாளம் வேணுமில்ல.