பின்னங்கால் தரையில் இருக்க வேண்டுமா?

வழியனுப்பு விழாவுக்குத் தலைமை ஏற்று, மாலையின் கனத்தையும் எங்கள் பேச்சின் கனத்தையும் ஒருசேரச் சுமக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அருணகிரி ஐயா அவர்களே, வேங்கிக்கால் வாழ் பெரியோர்களே, வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு பெண்பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பும் தாய்மார்களே, நாளைக் காலை தேசியப் போட்டிக்கு ரயிலேறும் என் சாஃப்ட்பால் செல்வங்களே, உங்கள் உடற்கல்வி ஆசிரியை அறிவுமதி எல்லோரையும் தலைதாழ்த்தி வணங்குகிறேன்.

வாழ்த்த வேண்டிய மேடை இது. வீரம் முழங்க வேண்டிய மேடை இது. ஆனால் நான் பயந்துபோய் நிற்கிறேன். முன்வரிசையில் முருகையன் அண்ணன் சிரிக்கிறார். "டீச்சருக்கே பயமா?" என்கிறார். ஆமாம் அண்ணே, பன்னிரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

என்ன பயம்? எதிரணியா? இல்லை. வெயிலா? நமக்கா வெயில்? நான் பயப்படுவது ஒரு நடுவரின் இடது கைக்கு.

எங்கள் பந்து வீச்சாளர் கவிநிலா, அடி அண்ணாமலை ஊர்ப் பாஞ்சாலையம்மாவின் மகள். போன மாதம் வெளிமாநிலத்தில் ஒரு போட்டி. ஓடிச் சேர்ந்து நிற்கும் மூன்று பேஸிலும் எதிரணிப் பெண்கள். கவிநிலா வீசினாள். நடுவர் இடது கையைப் பக்கவாட்டில் நீட்டி முஷ்டியை மடக்கினார். 'இல்லீகல்', விதியை மீறிய வீச்சு என்றார். பேஸில் நின்றவர்கள் ஆளுக்கொரு பேஸ் முன்னேறினார்கள். மறுபடி வீசினாள், மறுபடி அதே கை. பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தாள். "டீச்சர், நான் இன்னா தப்பு பண்ணேன்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. தோற்றோம்.

பிறகுதான் புத்தகம் புத்தகமாகப் புரட்டினேன். பந்து ஒன்று, காலூன்றி வீசும் பலகை ஒன்று, வீசும் தோள் ஒன்று. விதி மட்டும் ஒன்றில்லையே. வீசும்போது இரண்டு காலும் தரையை விட்டு எழும்பலாம் என்கிறது ஒரு சங்கத்தின் புத்தகம். கூடாது, பின்னங்கால் விரல் மண்ணை உரசிக்கொண்டே வர வேண்டும் என்கிறது இன்னொன்று. தொடங்கும்போது இரு பாதமும் பலகையில் வேண்டும் என்பார் ஒருவர், ஒன்று போதும் என்பார் மற்றவர். எல்லாமே சாஃப்ட்பால்தான். இங்கே சரி, அங்கே குற்றம். பெற்ற பிள்ளைக்கு எதைச் சொல்லித்தருவீர்கள்?

நான் எதைச் சொல்லித்தந்தேன் தெரியுமா? இன்றைக்கு மறைக்கப்போவதில்லை. கவிநிலா இந்த ஆட்டம் பழக வந்தது ஒரு கார்த்திகை மாதம். அந்த மாதம் முழுக்கச் செருப்போ ஷூவோ போடுவதில்லை என்று அவர்கள் வீட்டில் வேண்டுதல். வெறுங்காலோடு வீசினாள். விரலை உரசி உரசித் தோல் உரிந்து ரத்தம் வந்தது. பாஞ்சாலையம்மா மைதானத்துக்கே வந்து, "ஏம்மா, புள்ள காலு இன்னாத்துக்கு ஆவும்?" என்று அழுதார். எனக்கு மனசு கேட்கவில்லை. "காலைத் தூக்கிப் போடு கண்ணு" என்றேன். மாதம் முடிந்தது, ஷூ வந்தது, கால் மட்டும் இறங்கவில்லை. உள்ளூர் நடுவர்கள், கால் எழும்பலாம் என்கிற புத்தகத்தைப் பின்பற்றுபவர்கள்; ஒருவரும் தடுக்கவில்லை. நானும் வேறு புத்தகம் இருப்பதையே தேடிப் பார்க்கவில்லை.

இப்போது போகிற இடத்தில் எந்தப் புத்தகம்? போட்டி நடத்துகிறவர்களுக்கு ஏழு முறை போன் செய்தேன். ஒருவர் எழும்பலாம் என்றார், இன்னொருவர் நேரில் வாங்க பார்த்துக்கலாம் என்றார். இந்தப் போட்டியை நம்பித்தான் விளையாட்டு ஒதுக்கீட்டில் கவிநிலாவின் கல்லூரி இடம் இருக்கிறது. பன்னிரண்டு நாளாகக் காலை உரசி வீசிப் பழகுகிறாள். வேகம் பாதிகூட வரவில்லை. பயப்படாமல் என்ன செய்வேன்?

பின்னால் யாரோ, "கபடிக்கு மாத்திடுங்க டீச்சர்" என்கிறீர்கள். மாற்ற மாட்டேன் ஐயா. முதல் பந்துக்கு முன்னால் நடுவரிடம் நானே நடந்து போவேன். இரண்டு அணிக்கும் கேட்கும்படி, எந்த விதி என்று கேட்பேன். அதையும் மீறி அந்தக் கை நீண்டால், அது என்னைப் பார்த்து நீளட்டும். என் அவசரத்தைப் பார்த்து நீளட்டும். என் அறியாமையைப் பார்த்து நீளட்டும். அந்தப் பிள்ளையைப் பார்த்து நீளக்கூடாது. தப்பு அவளுடையதல்ல, என்னுடையது. இதை அன்றைக்கு மைதானத்திலேயே சொல்லியிருக்க வேண்டும்.

கவிநிலா எழுந்து வருகிறாள். மைக் வேண்டுமாம். பேசு கண்ணு.

"டீச்சர், நீங்க பயப்படுறத பத்தி ஒண்ணுமே சொல்லல. அதனால எனக்கு மட்டுந்தான் பயம்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

தாய்மார்களே, ஒரு மாதம் இந்தப் பிள்ளையைத் தனியாகப் பயப்பட விட்டிருக்கிறேன். இனி விடமாட்டேன். நாளை ரயிலில் அவள் பக்கத்து இருக்கை என்னுடையது. பொறுத்துக் கேட்ட உங்களுக்கு நன்றி, வணக்கம்.