கோபமில்லாத அமிலம்

அவையை அணிசெய்து அமர்ந்திருக்கும் தலைவராகிய எங்கள் ஆலை மேலாளர் அவர்களே, அனுபவத்தால் நரைத்த பெரியோர்களே, அடுப்படி வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, முதல் வரிசையில் அமர்ந்து மருமகன் எங்கே உளறப்போகிறான் என்று காதைத் தீட்டியிருக்கும் என் மாமியார் அவர்களே, உங்கள் அனைவருக்கும் என் அன்பு வணக்கம்!

இன்று பாராட்டுப் பெறும் வேதியியலாளர் என் மனைவி. கணவன் பேசினால் அது பாராட்டா, பயமா என்று பின்வரிசையில் யாரோ கேட்கிறார்கள். இரண்டும்தான் ஐயா!

நம் ஆலையின் மாத்திரைக்கு வேண்டிய பொருட்கள் ரியாக்டர் என்னும் பெரிய வினைக்கலனில் ஒன்றுசேர வேண்டும். தாமாகச் சேருமா? சேராது. சேர்த்துவைக்க ஒரு வினையூக்கி வேண்டும். கூட்டிவைக்கும், ஆனால் தான் குறையாது. முடித்துவைக்கும், ஆனால் தான் முடியாது. அந்தப் பணியை அந்நாளில் செய்தது கந்தக அமிலம். வேகம் உண்டு, வீரியம் உண்டு, விவேகம் உண்டா?

அந்த ரியாக்டரை இயக்குவது என் வேலை. ஒருநாள் குழாய் இணைப்புக் கசிந்து அமிலம் என் இடக்கையில் தெறித்தது. குழாயடியில் கையை நீட்டி நிற்கிறேன். ஆய்வகத்திலிருந்து ஓடிவந்தாள் என் மனைவி. அன்று மாலை கட்டுப் போட்டுக்கொண்டே கேட்டாள்:

"ஏங்க, உடம்பைக் குணமாக்குற மருந்து. அதைச் செய்ய இவ்வளவு கோபக்கார அமிலம் எதுக்கு?"

கேட்டதோடு விட்டாளா? அசெட்டிக் அமிலத்தை எடுத்தாள். அதற்கு அமிலத்தன்மை தரும் கார்பாக்சில் தொகுதி ஒன்றே ஒன்று, வினை அசையவே இல்லை. இரண்டு தொகுதி கொண்ட ஆக்சாலிக்கை எடுத்தாள்; வினை நடந்தது, ஆனால் அது சிறுநீரகத்துக்கு நஞ்சு என்று ஒதுக்கினாள். கடைசியில், எலுமிச்சையில் இருக்கும் சிட்ரிக் அமிலம்! ஒரே மூலக்கூறில் மூன்று தொகுதிகள். வினையைத் தூண்டும் புரோட்டானை ஒரேயடியாக வீசி எறியாது. பக்கத்துத் தொகுதிகளின் துணையோடு பதமாக எடுத்துக் கொடுக்கும். குடுவையில் படிகம் பூத்தது!

மேலாளரிடம் ஓடினாள். அவர் கேட்டார்: "ஏம்மா, ஜூஸ் கடை வைக்கப் போறீங்களா?"

தலைவர் அவர்களே, தாங்கள் சிரிப்பதிலிருந்து நினைவிருக்கிறது என்று தெரிகிறது. ஆனால் சிரித்துவிட்டு ஒரு ரியாக்டரையும் கொடுத்தீர்களே, அந்த மனத்துக்கு நன்றி.

ரியாக்டரில் முதல் முயற்சி, படிகம் வராமல் பிசினாய்ப் போனது. அன்று அவள் சாப்பிடவில்லை. தட்டை நகர்த்திவிட்டுச் சொன்னாள்: "தப்பு அமிலத்து மேல இல்லீங்க. இது நிதானமா வேலை செய்யுற அமிலம். முரட்டு அமிலத்துக்குக் குடுத்த நேரத்தையே இதுக்கும் குடுத்துட்டேன்."

"அப்போ கூட நேரம் குடு. நான் ரியாக்டர்கிட்ட நிக்கிறேன்" என்றேன்.

"இந்தக் கையோடயா?"

"இந்தக் கைக்காகத்தானே நீ பண்றே?"

மறுபடி ஏற்றினோம். வழக்கமான நேரம் கடந்தது. மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம், சார்" என்றாள். மீண்டும் பார்த்தார். "இன்னும் கொஞ்சம், சார்." பிறகு குளிர்வித்து வடிகட்டினோம். வெள்ளை வெளேரென்று படிகம்! வடிந்த நீரிலோ அமிலம் அப்படியே, அடுத்த முறைக்கு ஆயத்தமாக!

எல்லோரும் கைதட்டினார்கள். அவளை மட்டும் காணவில்லை. தேடிப் போனால், சாமான் அறையில் கோணிமூட்டை மேல் உட்கார்ந்து அழுகிறாள்.

"ஜெயிச்சுட்டியேம்மா, எதுக்கு அழறே?"

"உங்க கை வெந்த அன்னிலேர்ந்து ஆய்வகத்துல ஃபோன் அடிச்சாலே எனக்கு அதே நெனப்புதான். உங்களுக்கு என்னவோன்னு. எடுக்கவே பயம். யார்கிட்ட சொல்ல?"

பெரியோர்களே! ஒரே வீட்டில், ஒரே தலையணைக்கு அருகில் இருந்தேன்; எனக்குத் தெரியவில்லை. அறிவு வென்றது என்கிறது இந்த வரவேற்பு வளைவு. இல்லை, ஐயா, இல்லை! அன்பு அஞ்சியது; அஞ்சிய அன்பு ஆராய்ந்தது; ஆராய்ந்த அன்பு வென்றது!

கந்தக அமிலத் தொட்டியைக் கழற்றிக் கொண்டுபோய்விட்டார்கள். நேற்று ஆய்வகத்துக்கு நான்தான் ஃபோன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள். "சாப்பாடு ஆறுது, வர்றியா?" என்றேன். "இதுக்கெல்லாமா ஃபோன் பண்ணுவாங்க?" என்று சலித்துக்கொண்டாள்.

அந்தச் சலிப்பைக் கேட்க எனக்கு வாய்த்ததே, அதற்காக இந்த அவைக்கு இரு கரம் கூப்பி நன்றி சொல்லி அமர்கிறேன். வணக்கம்!