தட்டாமல் வெட்டிய வேல மரம்

மனிதகுல வரலாற்றிலேயே பேய்க்கு அஞ்சாத முதல் ஆண்மகன் நான்தான். அடக்கத்தோடு சொல்கிறேன். விடுதியில் மின்சாரம் போன ராத்திரி, அறைத் தோழர்கள் எல்லாரும் பேய்க்கதை பேசியபடி ஒரே போர்வைக்குள் ஒண்டிக்கொண்டிருக்க, நான் மட்டும் சன்னலோரம் தனியாக உட்கார்ந்திருந்தேன்.

"ஏன்டா, கோழிக்குஞ்சுங்களா? அம்மா எங்கே?" என்று விசாரித்தேன்.

"சிரிக்காதடா. இது என் தாய்மாமாவுக்கே நடந்தது" என்று ஆரம்பித்தான் குண்டன்.

நடுநிசி தாண்டிய நேரம். ஆளில்லாத சாலை. காற்றில் ஒரு வேல மரம் மின்கம்பியின் மேல் சாய்ந்துவிட்டது. அதை அடியோடு வெட்டப் போனவர்கள், மரம் வெட்டுகிற மாமாவும் அவருடைய கூட்டாளியும்.

மரம் முழுக்கப் பூ. பட்டாணி அளவில் மஞ்சள் பஞ்சு உருண்டைகள்... தேன் வாசம். இலைகள் மட்டும் மடங்கிக் கிடந்தன. இருட்டினால் வேல மரம் இலையை மூடித் தூங்கிவிடும்.

அவர்கள் தொழிலில் ஒரு வழக்கம். தூங்குகிற மரத்தைக் கோடரியின் பின்பக்கத்தால் மூன்று முறை தட்டிவிட்டுக் காத்திருப்பார்கள். உள்ளே யாராவது குடியிருந்தால் எழுந்து போகட்டும் என்று.

"தட்டுண்ணே" என்றான் கூட்டாளி.

"எதுக்கு? கதவத் திறந்து காப்பி குடுப்பாங்களா?"

மாமா தட்டவில்லை. வெட்டினார். பட்டை பிளந்த இடத்தில் பிசின் வழிந்தது... வெதுவெதுப்பாக. மரம் சாய்ந்து தரையில் மோதியது. அந்த இருட்டில், இலைகள் அத்தனையும் ஒரே நேரத்தில் விரிந்தன.

வீட்டுக்கு வந்தார். பலகை வீடு. அத்தையும் கைக்குழந்தையும் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். தாழ் போட்டுவிட்டுப் படுத்தார். மூடிய அறைக்குள் தேன் வாசம்...

டொக். டொக். டொக்.

கதவில் இல்லை. மூலைத் தூணில். கோடரியின் பின்பக்கம் மரத்தில் படுகிற சத்தம். மாமா தினமும் கேட்கிற சத்தம்.

பிறகு ஒன்றுமில்லை. யாரோ காத்திருந்தார்கள்.

"யாருங்க இந்நேரத்துல?" அத்தை எழுந்துவிட்டாள்.

"புள்ளையத் தூக்கு."

"விளக்கையாவது..."

"வேணாம். வா வெளிய!"

வெறுங்காலோடு ஓடினார்கள். தெருமுனையைத் தொடும்போது பின்னால் மளமளவென்று ஒரு முறிவு... வீடு குப்புற விழுந்தது.

விடிந்ததும் போய்ப் பார்த்தார்கள். ஒரு தூணும் முறியவில்லை. எல்லாமே கணுக்கால் உயரத்தில், கோடரியால் வெட்டியதுபோல, சாய்வாக வெட்டுப்பட்டிருந்தன. சுற்றிலும் ஒரு காலடித் தடம்கூட இல்லை. விழுந்த கூரைக்கு அடியில், குழந்தை படுத்திருந்த துணியின் மேல், மஞ்சள் பூக்கள்.

"மாமா ஒண்ணே ஒண்ணுதான்டா சொன்னாரு" என்றான் குண்டன். "'அது தட்டிட்டுத்தான் வெட்டுச்சு.'"

சன்னல் வழியே காற்று வந்தது.

எழுந்தேன். போர்வையின் ஓரத்தைத் தூக்கி உள்ளே நுழைந்தேன். குண்டன் எதுவும் கேட்காமல் நகர்ந்து இடம் கொடுத்தான்.