இருபது காசும் ராஃபியா கயிறும்

கோப்பி நன்றாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர். சீனிதான் கொஞ்சம் தூக்கல்.

மச்சான் குணாளன் குடித்துவிட்டுத் தோட்டத்துக் கால்வாயில் விழுந்து செத்திருப்பார் என்று போன வாரம் சொன்னேனே, அதை அடித்துவிடுங்கள். செனாய்ப் பக்கம் பழைய செம்பனை மரங்களைச் சாய்ப்பார்கள், எலும்பு வெளியே வரும் என்று யார் கண்டது?

எலும்பு பார்க்கிற டாக்டர் சாந்தினி கெட்டிக்காரப் பெண். நேற்று உங்கள் எதிரிலேயே சொன்னாரே: "கால் எலும்பு முறிஞ்சு, திரும்பக் கூடியிருக்கு அங்கிள். அதுக்கப்புறமும் சில வாரம் உயிரோட இருந்திருக்காரு. யாரோ நல்லாப் பார்த்துக்கிட்டாங்க."

யாரோ என்ன, நான்தான். முறித்ததும் நான்தான், அது வேறு விஷயம். குடித்தால் என் தங்கை யோகேஸ்வரியை அடிப்பார். படுத்தே கிடந்தால் எப்படி அடிப்பார்? ஆளில்லாத தோட்ட வீட்டில் வைத்து, மூங்கில் தப்பை கட்டி, வேளாவேளைக்குக் கஞ்சி ஊட்டினேன். மச்சான் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போயிருக்கிறார் என்று நான் சொன்னதும் தங்கை முகத்தில் சதை போட்டது.

சிக்கல் என்னவென்றால், கால் கூடிவிட்டது. ஒருநாள் சுவரைப் பிடித்து எழுந்து நின்று சிரித்தார். "வீட்டுக்குப் போறேன் மச்சான். ஒன் தங்கச்சிக்கு இருக்கு லா."

மண்டையோட்டு முறிவு மட்டும் திரும்பக் கூடவில்லை, உயிர் போனது அதனால்தான் என்றார் டாக்டர். சரிதான். மண்வெட்டியின் பின்பக்கம்.

"தானா விழுந்தவரு ரெண்டு கால் கட்டைவிரலையும் சேர்த்து ராஃபியா பிளாஸ்டிக் கயித்துல கட்டிக்குவாரா? மண்டையோட்டுக்கு அடியில இருபது காசு வேற. எங்க தாத்தாவுக்கும் நெத்தியில காசு வச்சாங்க அங்கிள்."

மனுஷன் அநாதையாகப் போகலாமா? முறை என்று ஒன்று இருக்கிறது.

டாக்டருக்கு ஒன்றுதான் பிடிபடவில்லை. கயிறு கட்டிய விரல் எலும்பு, உயிரோடு உதறியதில் முறிந்த மாதிரி இருக்கிறதாம். செத்த பிறகுதானே கட்டுவார்கள் என்று கேட்டார்.

தைப்பூசக் காவடிக்கு விரதம் இருந்தேன், இன்ஸ்பெக்டர். பிணத்தைத் தொட்டால் தீட்டு. அதனால் நிறைய ஊற்றிக் கொடுத்து, குழியில் படுக்க வைத்து, சடங்கையெல்லாம் முன்கூட்டியே முடித்துக்கொண்டேன். பாதியில் விழித்துக் கொஞ்சம் உதறினார். பிறகுதான் மண்வெட்டி. மண்ணையும் மண்வெட்டியாலேயே தள்ளினேன், கை படவே இல்லை.

முருகனுக்குத் தெரியும். அந்த வருஷம் அலகு குத்தியபோது எனக்கு ஒரு சொட்டு ரத்தம் வரவில்லை.