கல்நார் டப்பா

— பீடி இல்லம்மா! பீடியே இல்ல! நம்ம சார் ஒரு நாளும் பீடி குடிக்கல!

— ஏட்டி பிரேமலதா, மொதல்ல மூச்சு விடு. பஸ் ஸ்டாண்டுல இருந்து ஓடியா வந்த? இப்படி எளைக்குது.

— ஓடத்தான் செஞ்சேன். நீங்க உக்காருங்கம்மா. நான் சொல்லப்போறத நின்னுக்கிட்டுக் கேக்க முடியாது, பாத்துக்கிடுங்க. திருநெல்வேலியில ஏறுனதுல இருந்து அம்பாசமுத்திரம் வரைக்கும் இதையேதான் சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டு வாறேன். பக்கத்துல இருந்த பொம்பள என்னையக் கோட்டிக்காரின்னு நெனச்சு வேற சீட்டுக்கு மாறிட்டா.

— கோட்டிக்காரிதான் நீ. நர்சு வேலைக்குப் போயி இருபத்தஞ்சு வருசம் ஆச்சு. இன்னும் எங்க வீட்டு அவ்வொகிட்டப் பத்தாங்கிளாஸ் படிச்ச பிள்ள மாதிரியே துள்ளுத. இந்தா, தண்ணியக் குடி. அவ்வொ போயி இந்த மாசியோட ரெண்டு வருசம் ஆகப்போவுது. இப்ப எதுக்குட்டி பீடிப் பேச்சு?

— இந்த ஊரு என்ன சொல்லிச்சு? குற்றாலலிங்கம் சார் ஒளிச்சு ஒளிச்சுப் பீடி குடிச்சாரு, அதான் நெஞ்சுல கேன்சர் வந்து செத்தாருன்னு சொல்லிச்சா இல்லியா?

— சொல்லிச்சு, சொல்லுது. எதிர்வீட்டு அனுராதா மக போன வாரம் புகையிலை ஒழிப்புப் பேச்சுப் போட்டிக்கு மனப்பாடம் பண்ணுதா. "நம் பள்ளியின் வேதியியல் ஆசிரியரே இக்கொடிய பழக்கத்துக்குப் பலியானார்"னு. ஜன்னல் வழியா அப்படியே கேக்கு. நான் எந்திரிச்சுப் போயி ஜன்னலச் சாத்துனேன்.

— இனிமே சாத்த வேண்டாம்! நல்லாத் தொறந்து வையிங்க! சாரைக் கொன்னது பீடி இல்ல, கல்நாரு.

— கல்நாரா?

— அதாம்மா, ஆஸ்பெஸ்டாஸ். அந்தத் தூசி நெஞ்சுக்குள்ள போயி இருபது முப்பது வருசம் சும்மா கெடக்குமாம். பொறவு கேன்சரா எந்திரிக்குமாம். நுரையீரலச் சுத்தி மெல்லிசா ஒரு தோல் இருக்குல்லா, அங்கன வரும். எங்க ஆஸ்பத்திரிக்குப் புதுசா ஒரு நெஞ்சு டாக்டர் வந்திருக்காவ, விஜயஸ்ரீ மேடம். அவுகதான் சொன்னாவ. இந்தக் கேன்சருக்கும் பீடிக்கும் சம்பந்தமே கெடையாதாம்.

— சம்பந்தமே கெடையாதா?

— கெடையாது.

— இன்னொரு தடவ சொல்லுட்டி.

— சாருக்கு வந்த கேன்சருக்கும் பீடிக்கும் சம்பந்தமே கெடையாது!

— ஐயோ, முருகா... அப்ப அந்தத் தீப்பெட்டி? தெனமும் சட்டைப் பையில தீப்பெட்டி இருக்குமே. தொவைக்கப் போடும்போது நாந்தானே எடுத்து வைப்பேன்.

— கெமிஸ்ட்ரி சார் பையில தீப்பெட்டி இல்லாம என்ன இருக்கும்? ஸ்பிரிட் வெளக்கப் பத்த வைக்கண்டாமா?

— வெரலு? இந்த ரெண்டு வெரலும் மஞ்சளாக் கெடக்குமே? பீடிக்கறைன்னு எங்க அண்ணாச்சி சொன்னாவளே?

— நைட்ரிக் ஆசிட்டு! அது தோல்ல பட்டா மஞ்சளாத்தான் போவும். எத்தன சோப்பு போட்டாலும் போவாது. எனக்கே அத சார்தான் சொல்லித் தந்தாவ. உங்ககிட்டச் சொல்லலியா?

— சொன்னாவ. நாந்தான் காதுல போட்டுக்கிடல. சரி, அந்தக் கதவு? சாப்பாட்டு மணி அடிச்சா லேப் கதவச் சாத்திக்கிடுவாவன்னு அந்த அட்டெண்டர் மணிராஜ் ஊரெல்லாம் சொன்னானே. உள்ள ஒரு மணி நேரம் ஃபேன் கூட ஓடாதுன்னு சொன்னானே. கதவச் சாத்திக்கிட்டு வேற என்ன செய்வாவ?

— கம்பி வலைக்கு மாவு ஒட்டுவாவம்மா! பீக்கருக்கு அடியில ஒரு கம்பி வலை வைப்போம்லா, நடுவுல வட்டமா வெள்ளையா இருக்குமே? அந்த வெள்ளைதான் கல்நாரு. ரெண்டு வருசம் சூடு பட்டா பேந்து போவும். புது வலை கேட்டு எழுதிப் போட்டா எங்க வருது? பிராக்டிக்கல் பரீட்சைக்கு வெளியூர்ல இருந்து எக்ஸாமினர் வருவாரு, ஓட்டை வலையப் பாத்தா ஸ்கூலக் கேவலமா எழுதுவாருன்னு சார் தானே உக்காந்து சரி பண்ணுவாவ. கல்நாரப் பிச்சு, இடிச்சு, சலிச்சு, தண்ணி விட்டுப் பெசஞ்சு, அப்பளம் மாதிரி வட்டமா அப்பி, வெயில்ல காய வைப்பாவ. தை பொறந்தாப் போதும், அறுபது வலையாவது செய்வாவ.

— அதுக்கு ஏன் கதவச் சாத்தணும்?

— பிள்ளைக மேல தூசி பறக்கக் கூடாதுன்னும்மா. பிள்ளைக இருமும்னு. அதுக்குத்தான் ஃபேனையும் அமத்திட்டு உக்காந்திருக்காவ.

— பிள்ளைகளுக்காவா சாத்துனாவ...

— அம்மா? அழாதிய. சந்தோசப்பட வேண்டிய நேரம்லா இது?

— சந்தோசத்துலதான்ட்டி அழுதேன். இல்ல, பொய் சொல்லுதேன். உனக்குத் தெரியாது. கடைசி வாரத்துல திருநீத்துத் தட்டக் கையில குடுத்து, பீடி குடிக்கலன்னு சத்தியம் பண்ணுங்கன்னேன். பண்ணுனாவ. அப்பவும் நான் விடல. சாகப் போற நேரத்துல கூடப் பொய்ச் சத்தியமான்னு கேட்டுட்டேன். செவரப் பாத்துத் திரும்பிப் படுத்தாவ. அதுக்குப் பொறவு எங்கிட்ட ஒரு வார்த்த பேசல, கேட்டியா. தண்ணி வேணும்னாக்கூட சைகதான்.

— இப்பக் கேட்டுக்கிட்டு இருப்பாவம்மா. சிரிச்சுக்கிட்டு இருப்பாவ.

— சிரிக்கட்டும். நல்லாச் சிரிக்கட்டும்! எந்திரி. ஸ்கூலுக்குப் போவோம். நாலரை மணி வரைக்கும் ஹெட்மாஸ்டர் மந்திரமூர்த்தி இருப்பாரு. லேப் செவத்துல மத்த சாருமாரு போட்டோ எல்லாம் மாட்டியிருக்கு. அவ்வொ போட்டோவ மட்டும் பிள்ளைகளுக்குத் தப்பான முன்மாதிரின்னு திருப்பி அனுப்புனாரு. அதோ, பீரோவுக்குப் பின்னால காகிதம் சுத்திக் கெடக்கு, எடு. நாளைக்குக் காலையில பிரேயர்ல, மைக்குல, மூவாயிரம் பிள்ளைக கேக்க அவரு சொல்லணும்.

— அதுக்குத்தானம்மா ஓடி வந்தேன்! மணிராஜையும் நிறுத்தணும். சாருக்குப் பொறவு, லேப்புல மிச்சம் கெடக்க கல்நார வச்சு அவன்தான் வலை ஒட்டுதானாம். இந்த வாரம் எல்லாம் இடிச்சுக்கிட்டுதான் இருப்பான்.

— புரளியக் கெளப்புனவனே அவந்தான். இடிக்கட்டும்!

— அம்மா.

— சரிட்டி, சும்மா சொன்னேன். அவனுக்கும் ரெண்டு பொட்டப்பிள்ள இருக்கு. மொதல்ல அவன் கையில இருந்து ஒலக்கையப் புடுங்குவோம், பொறவு ரெண்டு ஏச்சு ஏசுவோம். அந்தச் சீலைய எடு. பச்ச இல்ல, அந்த அரக்கு. ரெண்டு வருசமா ஒரு விசேசத்துக்கும் போவல நான். எப்படிக் கட்டணும்னே மறந்து போச்சு!

— நல்லாத்தான் கட்டுதிய. கொசுவத்த நான் பிடிக்கேன்.

— இரு. அந்த ஆளு லேசுப்பட்ட ஆளு இல்ல. ஒண்ணுக்கு ஒம்பது கேள்வி கேப்பாரு. ஒத்திகை பாத்துட்டுப் போவோம். நான் இப்ப ஹெட்மாஸ்டர், கேட்டியா. "திருமதி சொர்ணாம்பாள் குற்றாலலிங்கம் அவர்களே, என்ன இவ்வளவு தூரம்?"

— அப்படியே அவரு மாதிரியே கனைக்கிய!

— சிரிக்காத. "கல்நாரா? யார் சொன்னது?"

— நெஞ்சு டாக்டர் சொன்னாவ. சாரோட எக்ஸ்ரேயப் பாத்து.

— ஏட்டி! போன மாசம் சும்மா பாத்துட்டுத் தாறேன்னு எக்ஸ்ரேய வாங்கிட்டுப் போனியே, அது இதுக்குத்தானா?

— ஆமா. வெளிச்சப் பொட்டியில மூணு படத்த வரிசையா மாட்டுனாவ. சார் படம் ஒண்ணு. எங்க ஆபரேசன் தியேட்டர் ஆயா பேச்சித்தாய் படம் ஒண்ணு. அவளுக்கு டி.பி.ன்னு ரெண்டு வருசம் மாத்திர குடுத்தாவ, போன ஆடியில செத்தே போயிட்டா. மூணுலயும் நெஞ்சுல நீரு, மூணுலயும் ஓரத்துல ஒரே மாதிரி வெள்ளத் தடிப்பு. அச்சுல வாத்த மாதிரி, பாத்துக்கிடுங்க.

— "படத்த வச்சு எப்படியம்மா உறுதியாச் சொல்லுவிய? சதையக் கிள்ளிப் பாத்தாத்தானே தெரியும்? குற்றாலலிங்கத்துக்கு அப்படி ஒண்ணும் பாக்கலியே? அவரச் சுடுகாட்டுல எரிச்சு ரெண்டு வருசமாச்சே?" இப்படித்தான் அவரு கேப்பாருட்டி.

— கேக்கட்டும். அந்த மூணாவது படத்துக்காரிக்குக் கிள்ளிப் பாத்தாச்சு. மெட்ராசுக்கு அனுப்பி, கல்நாருதான்னு எழுதியே வந்துட்டு. இந்தா, இந்த மஞ்சக் கவருல இருக்கு.

— குடு, பாப்போம்.

— எல்லாம் இங்கிலீஷும்மா. அங்கன போயிப் பிரிச்சுக்கிடலாம்.

— "யாரு அந்த மூணாவது ஆளு? அவளும் பீடி குடிக்கவளா இருக்கப் போறா."

— அதான் விசயமே! அவ பொம்பளம்மா. எங்க ஆஸ்பத்திரி ஸ்டாஃப். வெத்தல கூடப் போட மாட்டா. அவளுக்கு வந்தது கல்நாருன்னா, அதே படம் உள்ள சாருக்கும் கல்நாருதான்லா? ஒரு பய வாய் தொறக்க முடியாது!

— பாவம், எந்த வீட்டுப் பிள்ளையோ. அவ நம்ம கூட வந்து ஹெட்மாஸ்டர்ட்டச் சொல்லுவாளா?

— சொல்லுவா. மூச்சு இருக்கும்போதே சொல்லிரணும்னுதான் நிக்கா.

— நல்லா இருக்கட்டும் அவ. அவளுக்கு நான் பாவநாசத்துல போயி அர்ச்சனை பண்ணுதேன். சரி, அடுத்த கேள்வி. "ஆஸ்பத்திரிக்காரிக்கு ஏதம்மா கல்நாரு? அங்கன என்ன லேப்பா இருக்கு?"

— பாய்லர்ல இருந்து தியேட்டருக்கு ஆவி வர்ற குழாய்மேல பூரா அதத்தான் அப்பியிருக்கு. கத்தி, கத்திரி, துணி எல்லாம் அவிக்கதுக்கு அந்த ஆவிதான். பழைய பூச்சு, உதுந்துக்கிட்டே கெடக்கும். அள்ளி அள்ளித்தான் பெருக்குவோம்... அம்மா, இதுல நான் உங்ககிட்டச் சொல்ல வேண்டிய ஒண்ணு இருக்கு.

— சொல்லு.

— வலை ஒட்டதுக்குச் சாருக்குக் கல்நாரு எங்கன இருந்து கெடச்சுதுன்னு நீங்க கேக்கவே இல்லியே.

— எங்கன இருந்து?... ஏட்டி. தைப்பொங்கலுக்கு வரும்போது பால் பவுடர் டப்பா ஒண்ணு கொண்டு வருவியே. சாருக்கு லேப் சாமான்னு சொல்லி.

— அதேதான்மா. குழாயில இருந்து உதுந்தத அள்ளிச் சேத்து வச்சு, வருசா வருசம் டப்பா நெறையக் கொண்டு வந்தது நாந்தான். சாருக்குப் பெரிய சந்தோசம். "நம்ம ஸ்கூல மறக்கல பாரு"ம்பாவ. எனக்குப் பெருமையான பெருமை! நர்சிங்குக்கு மனு எழுதித் தந்ததே அவுகதான். பதிலுக்கு நான் குடுத்தது அந்த டப்பா. என்னய ஏசுங்கம்மா. அடிங்க.

— தெரிஞ்சா குடுத்த? அவ்வொளுக்கே தெரியாது. கெமிஸ்ட்ரியக் கரைச்சுக் குடிச்ச மனுசனுக்கே தெரியாதது உனக்குத் தெரியுமா? கோட்டிக்காரி. நீ கொண்டு வந்தது டப்பாதான். நான் அவ்வொள ஒரு சொல்லுல கொன்னேன். உன்னய ஏச எனக்கு வாய் கெடையாது. கண்ணத் தொடை. நேரமாவுது.

— ஏச மாட்டியளா?

— மாட்டேன். ஆனா அந்த மந்திரமூர்த்தி மடக்குவாரு, கேட்டியா. அதுக்கும் இப்பவே பதில் பாத்து வச்சுக்க. "நல்லாக் கதை விடுதம்மா நீ! வருசா வருசம் அத உன் கையால அள்ளுனவ நீ. அந்தத் தூசி அவ்வளவு பொல்லாததுன்னா உனக்குல்லா மொதல்ல வந்திருக்கணும்?" ஹா! எப்படி? சரியான கேள்வில்லா? இதுக்கு உங்கிட்டப் பதில் இருக்கா? ஏன்ட்டி கவர எங்கிட்ட நீட்டுத? பதில் இருக்கா இல்லியா?

— இருக்கும்மா. இந்தக் கவரப் பிரிச்சு, மேல போட்டிருக்க பேர மட்டும் படிங்க. நான் பீடி குடிப்பேன்னு எந்த ஹெட்மாஸ்டரும் சொல்ல முடியாதுல்லா?